ஒரே ஒரு ஒயர்

மைனஸ் முப்பத்தேழு என்றது ரேடியோ.
காற்றைச் சேர்த்தால் இன்னும் கீழே
என்று சொல்லிவிட்டு
கோதுமை விலைக்குப் போய்விட்டது.

அது நேற்று ராத்திரி. இப்போது மணி மூன்று.
ஓரெஸ்ட் தூங்குகிறான், சுவர்ப் பக்கம் திரும்பி.
கட்டிலுக்கடியில் என் பெட்டி:
இரண்டு ஸ்வெட்டர், ரத்த அழுத்த மாத்திரை,
என் பெயர் மட்டும் போட்ட பாஸ்புக்.
ப்ரின்ஸ் ஆல்பர்ட்டில் தங்கை மார்லிஸ்
சோபாவை விரித்து வைத்திருக்கிறாள்.
நான்கு மணி நேரம் ஓட்டினால் போதும்,
சாலையை மூடாவிட்டால்.

முற்றத்துக் கம்பத்தில்
மின்சாரம் வரும் துளை ஒன்றுதான்.
ஒயரும் ஒன்றுதான்.
இன்னொன்றை செவ்வாய்க்கிழமை
வைக்கோல் உருளை தூக்கும் முள்ளால்
ஓரெஸ்ட் நசுக்கிவிட்டான்.
"வாங்கிக்கலாம்" என்றான்.
அவன் வாங்கிக்கலாம் என்று சொன்னவற்றை
வரிசையாக அடுக்கினால்
ஒரு வீடு கட்டலாம்,
கூரை மட்டும் இருக்காது.

ஒரு பக்கம் கார்,
முகப்பு வலையிலிருந்து பிளக்கைத் தொங்கவிட்டு,
இளைத்த நாயின் நாக்குபோல.
மறுபக்கம் டிராக்டர்,
அதன் வயிற்றில் எண்ணெய்
கரண்டி நட்டால் நிற்கும் பதத்தில்.
இந்தக் குளிரில் சாவியைத் திருப்பினால்
ஒரு முனகல், ஒரு 'டக்', அவ்வளவுதான்,
கூடவே பேட்டரியும் போய்விடும்.
ஹீட்டருக்கு மூன்று மணி நேரம் கொடு
என்கிறது கையேடு.
எங்கள் டிராக்டர் கையேடு படித்ததில்லை.
அதற்கு நாலு.

நின்றபடியே கணக்குப் போட்டேன்.
இப்போது காருக்குக் கொடுத்தால்
ஆறரைக்கு நான் நெடுஞ்சாலையில்,
அவன் எழுவதற்கு முன்.
மாடுகள் பத்தரை வரை
வெறும் வயிற்றோடு நிற்கும்.
அறுபத்திரண்டு மாடுகள்.
குளிர் தாங்க அவற்றுக்கும்
உள்ளே ஏதாவது எரிந்தாக வேண்டும்.
அவற்றில் ஒன்றுகூட என்னிடம்
"நீ எப்பவும் இப்படித்தான்" என்று சொன்னதில்லை.

ஒயரை இழுத்தேன்.
குளிரில் அது ஒயரில்லை, கழி.
சுருள் விரியாமல்
சுருளாகவே எழுந்து நின்றது.
டிராக்டர் பக்கம் போனேன்.
செருகும்போது ஒரு நீலப் பொறி.
இரும்புக்கருகே காதைக் கொண்டுபோனேன், தொடாமல்
(தொட்டால் தோல் அங்கேயே தங்கிவிடும்).
ஆழத்தில் எங்கோ சன்னமாய் ஒரு சீறல்,
கெட்டில் ஏதோ சொல்ல வாயெடுத்து
வேண்டாமென்று விட்டதுபோல.
இது அவனுக்காகச் செய்ததில்லை.
அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழேகாலுக்கு டிராக்டர் பிடித்துக்கொண்டது.
வெள்ளைப் புகை, நீண்ட இருமல்,
பிறகு முற்றம் முழுக்க அதன் சத்தம்.
உருளையைக் குத்தித் தூக்கிக்கொண்டு
ஓரெஸ்ட் கிளம்பினான்.
யார் செருகியது என்று கேட்கவில்லை.
பின்விளக்கு மறைந்ததும்
ஒயரைக் காருக்கு மாற்றினேன்.

இரண்டாவது உருளைக்குத் திரும்பி வந்தவன்
இறங்கினான்.
ஒயர் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தான்:
கம்பம், பனி, கார்.
இப்படி ஒரு வியாழக்கிழமையில்
இங்கே யாரும் எங்கும் போவதில்லை.
கையுறையால் மூக்கைத் துடைத்தான்.
வேகமாகக் கொட்டகைக்குள் போனான்.
வந்து ஒயரைப் பிடுங்கப் போகிறான் என்று
அடுப்படி ஜன்னலருகே நான்
பூட்ஸுக்குள் ஒரு காலை நுழைத்துவிட்டேன்.

வந்தான்.
கையில் பழைய குதிரைக் கம்பளி,
செத்துப்போன டோலினாவுடையது.
அதை உதறினான். காரின் முகப்பில் விரித்தான்.
சூடு கசியும் வலையை மூடும்படி
கீழே இழுத்துவிட்டான்.
காற்று தூக்காமலிருக்க
முனைக்கொன்றாக இரண்டு விறகுக் கட்டை.
எட்ட நின்று பார்த்தான்.
ஒரு கட்டையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.
பிறகு மாடுகளிடம் போய்விட்டான்.

பூட்ஸில் ஒரு கால்,
சில்லிட்ட தரையில் ஒரு கால்.
கம்பத்து மீட்டரில் சக்கரம்
நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
கார் சூடாக
இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.